ஆற்றங்கரை மாதாவும் சிவப்புப் பாவாடையும்

எட்டாம் வகுப்போடு நின்றுபோனவன் எழுத வந்ததற்கு மன்னியுங்கள். நாலு பேர் எதிரில் எனக்கு வாய் வராது. காகிதம் முகத்தைப் பார்க்காதே என்ற தைரியம்தான்.

திருச்சி பாலக்கரையில் ஒரு பிரெஞ்சு சாமியாருக்குச் சமையல் செய்துகொண்டிருந்தேன். அவர் விடுப்பில் சொந்த நாட்டுக்குப் போனபோது, கண் மங்கலாகிவிட்டதால் என்னையும் துணைக்கு அழைத்துப்போனார். புறப்படும் முன் லால்குடியிலிருந்து அக்கா வந்து, வெள்ளியில் செய்த சின்னக் கால் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். மச்சான் வண்டியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தார்.

"அந்த நாட்டு ஆத்தங்கரை மாதா கோயில்ல நீயே உன் கையால வைக்கணும் தம்பி. வைக்காம வந்தே, என் மூஞ்சில முழிக்காத."

திரும்பும் வழியில்தான் அக்கா சொன்ன மாதா ஊர். ஆறு, கரைமேல் மாதா கோயில், தெருவெல்லாம் யாத்திரைக்காரர்கள். பெட்டிகள் முன்பே துறைமுகத்துக்குப் போய்விட்டன. எங்களுக்குக் காலை பத்து மணிக்கு ரயில். எட்டு மணிக்கு வந்து கோயிலுக்குக் கூட்டிப்போவதாகவும் அதுவரை அசையக்கூடாது என்றும் சொல்லி, விடுதி வாசலில் என்னை உட்காரவைத்துவிட்டுச் சாமியார் யாரையோ பார்க்கப் போனார்.

எட்டரை ஆயிற்று. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கடைசியில் தனியாகவே கிளம்பிவிட்டேன். ஆனால் முழுகாமல் எப்படிக் கோயிலுக்குள் போவது? வேளாங்கண்ணியில் கடலில் முழுகிவிட்டுத்தானே மாதாவைப் பார்க்கிறோம்? ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்களும் காவேரியில் முங்கிவிட்டுத்தானே போகிறார்கள்? வெள்ளிக் காலைக் கழுத்துக் கயிற்றில் கோத்தேன். துணியைக் கரையில் வைத்துவிட்டு, துண்டோடு இறங்கி மூக்கைப் பிடித்து முங்கினேன். (மார்கழிக் காவேரி அதற்கு வெந்நீர்.)

மூன்றாவது முழுக்கில் யாரோ என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள். நான் உயிரை விடப் பார்க்கிறேன் என்று நினைத்து, கரையேற்றி இரண்டு அறை விட்டாள். இந்த இழுபறியில் என் துணி ஆற்றோடு போயிற்று. வீட்டுக்கு இழுத்துப்போய்த் தன் சிவப்புக் கம்பளிப் பாவாடையைக் கட்டிவிட்டு, நெருப்பருகே உட்காரவைத்தாள். மூக்கைப் பிடித்து முங்கிக் காட்டி விளக்கினேன். கதவைப் பூட்டிவிட்டாள்.

மணி ஒன்பதேகால். அக்காவின் முகம் கண்முன் வந்தது. வெள்ளிக் காலைத் தூக்கிக் காட்டி, என் முழங்காலைத் தொட்டு, ஜன்னலில் தெரிந்த கோயில் கோபுரத்தைக் காட்டினேன். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். கதவைத் திறந்தாள், என் மணிக்கட்டைப் பிடித்தாள், ஓடினாள். கூட்டம் வழிவிட்டது. பாவாடையோடு போய் என் கையாலேயே வைத்தேன்.

தேடி வந்த சாமியார் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"அசையாதேன்னுதானே சொன்னேன்? இது என்னப்பா வேஷம்?"

"முழுக்குப் போட்டேன் சாமி."

பாவாடையோடுதான் ரயில் ஏறினேன்.

மச்சான் இப்போது நடக்கிறார், கொஞ்சம் சாய்ந்து. யாராவது விசாரித்தால், என்னை வைத்துக்கொண்டே, "என் மச்சினன் பாவாடை கட்டி வாங்கிட்டு வந்த காலுங்க" என்கிறார்.

ரயில் ஏறிய மறுநாள் துறைமுகத்தில் சாமியார் எனக்கு ஒரு கால்சட்டை வாங்கித் தந்தார். மத்தியானம் கப்பல் புறப்பட்டது.