ஆட்டுக்குப் போட்ட புல்

ஜெனிஷ் தர வேண்டிய பாக்கி சரியாக இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அதற்குப் பதிலாக மாரியப்பன் வீட்டில் இப்போது இரண்டு கினிப்பன்றிகள் இருந்தன. மூன்று நாளாக அவை சரியாகத் தின்னவில்லை.

"எலியா, பன்னியா, முயலா? இன்னதுன்னு தெரிஞ்சாத்தான இன்னா போடறதுன்னு தெரியும்," என்றாள் மனைவி முத்தம்மா.

"எதுவா இருந்தா இன்னா? செத்துப்போச்சுன்னா பாக்கிய எப்டிக் கேக்கறது? உசுரோட இருக்கணும், அவ்ளோதான்."

ஜெனிஷ் பக்கத்து வீட்டுப் பையன். கப்பல் வேலைக்கு மெடிக்கல் சர்டிபிகேட் எடுக்கத்தான் கைமாற்று வாங்கினான். வேலைக்குக் கிளம்பிய அன்று ஆட்டோவை நிறுத்தி ஓடி வந்தவன், ஓர் அட்டைப்பெட்டியை மாரியப்பன் கையில் திணித்தான்.

"அம்மாவுக்கு இதுங்க முடி பட்டா மூச்சு வாங்குது மாமு. நீ பாத்துக்கோ. எல்லாம் பெட்டியில வெச்சுகீறேன்."

ஆட்டோ போய்விட்டது. இப்போது நடுக்கடலில் இருக்கிறான். போன் போகவில்லை.

மாரியப்பன் முப்பது வருஷமாகத் திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் இறக்குகிறவன். பீங்கான் சாமான் பெட்டியைப் பிரித்தால் சரக்கை எடுப்பான், சுற்றியிருக்கும் வைக்கோலை ஒதுக்குவான். கை பழகிப்போன வேலை. அன்றும் சரக்கு இரண்டையும் தூக்கிக் கூடையில் விட்டான். பேக்கிங் குப்பையைப் பெட்டியோடு கொண்டுபோய்த் தெருமுனை ரசூல் பீவியின் ஆட்டுக்குக் கொடுத்தான்.

யார்டில் கூட வேலை செய்யும் வெற்றி போனில் பார்த்துச் சொன்னான்: "காஞ்ச புல்லுதாண்ணே இதுக்குச் சோறு. அது இல்லாங்காட்டி வயிறு நின்னுபூடும்."

வியாசர்பாடி மாட்டுக்காரரிடம் ஒரு கட்டு வைக்கோல் வாங்கினான். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். சீட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தது வைக்கோல். கொண்டுவந்து போட்டால், முரட்டுத் தாள் குத்தி ஒன்றுக்குக் கண் கலங்கியது.

பேசின் பிரிட்ஜ் தண்டவாள ஓரத்தில் பச்சைப் புல் அறுத்து வந்தான். ஆவலாகத் தின்றன. மறுநாள் இரண்டுக்கும் வயிற்றுப்போக்கு.

"வூடே கலீஜாயிடுச்சு," என்று மூக்கைப் பொத்தினாள் முத்தம்மா. "அசல் வரல. வட்டி மட்டும் கூடை நெறையக் கீது, பாரு."

அந்தக் கோபத்தோடு தண்ணீர் லாரிக்குப் போனான். வரிசையில் ஜெனிஷின் அம்மா ரோஸ்மேரி நின்றாள்.

"உம்புள்ள பாக்கிக்கு எலியக் குடுத்து ஏமாத்திட்டுப் போயிட்டான். நாணயம் கெட்ட பய!"

ரோஸ்மேரி குடத்தைக் கீழே வைத்தாள். "கணக்க முடிச்சிட்டேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தாண்ணே போனான். எம்புள்ள பொய் சொல்ல மாட்டான்."

"முடிச்சானா? எந்த பேங்க்குல கட்டுனான்? ரசீது கீதா?"

வரிசை சிரித்தது. ரோஸ்மேரி பாதிக் குடத்தோடு வீட்டுக்குப் போனாள். அப்புறம் லாரி வந்தபோதெல்லாம் அவள் வரவில்லை. சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். மாரியப்பனுக்கு மட்டும் அந்தப் பாதிக் குடம் கண்ணிலேயே நின்றது.

கடைசியில் கூடையைத் தூக்கிக்கொண்டு பிராட்வே பக்கம் ஒரு பிராணிக் கடைக்குப் போனான். கடைக்காரர் பார்த்ததுமே சொன்னார்: "திமோத்திப் புல் போடுங்க. வெளிநாட்டு அயிட்டம். கிலோ எழுநூறு."

"வெளிநாட்டுதா? அப்ப நான் எறக்குனதாத்தான் இருக்கும்," என்றான் மாரியப்பன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பாக்கெட்டைப் பிரித்துக் காட்டினார். வெளிறிய பச்சை. மெத்து மெத்தென்று. இனிப்பாக ஒரு வாசனை.

மாரியப்பனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இதே வாசனை. இதே புல். எல்லாம் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்றானே பையன்! தின்பதற்குக் கொடுத்ததை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, அவனைப் பெற்றவளைத் தெருவில் வைத்துக் கேவலப்படுத்தியாயிற்று.

கையிலிருந்த காசுக்குக் கால் கிலோதான் வந்தது. கடை வாசலிலேயே இரண்டும் அதை மொறுமொறுவென்று தின்றன. பார்க்கப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. ரோஸ்மேரி வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும். பாக்கியை அப்புறம், ஜெனிஷ் வந்தபின், மரியாதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

போகிற வழியில், மீதிப் புல் ஏதாவது கிடக்கிறதா என்று தெருமுனையில் நின்றான். அவனைக் கண்டதும் ரசூல் பீவி ஆட்டை விட்டுவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"நீ நல்லா இருக்கணும் நைனா!"

"அந்தப் பொட்டியில குடுத்தனே புல்லு, மீதி கீதாம்மா?"

"புல்ல ஆடு அன்னிக்கே தின்னுபோட்டுது நைனா; அடியில, வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியாம, கவர்ல வெச்சிருந்தியே ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பது ரூபா, அதுலதான் மருந்துக் கடைக்காரன் பாக்கியத் தீத்தேன்."