பன்னீர் பட்ட அலாரம்

பிள்ளை படுக்கையை நனைக்கிறாள் என்று வாய்தவறி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். எங்கள் ஊர் குண்டசாலையில் இருக்கும் அத்தனை பேரும் வைத்தியராகிவிடுவார்கள். எங்கள் மகள் கயலுக்கு அப்போது எட்டு வயது. எதிர்வீட்டு அக்கா எள்ளுருண்டை பிடித்துத் தந்தார். கண்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பொழுது சாய்ந்தால் தண்ணீரையே கண்ணில் காட்டாதீர்கள் என்றார். (தெரிந்தவருடைய பிள்ளைக்கு என்றுதான் கேட்டேன். அவர் நம்பவில்லை.) சொந்தக்காரர்களிடம் மட்டும் மூச்சுவிடக் கூடாது என்பது கயலின் கட்டளை.

கடைசியில் டொக்டரிடம் போனோம். “அவ வேணும்னு செய்யல்ல, ஏசாதீங்க” என்று எங்களுக்குத்தான் முதலில் மருந்து கொடுத்தார். பிறகு ஓர் அலாரத்தைப் பற்றிச் சொன்னார். சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், நுனியில் கிளிப். கிளிப்பை உள்ளாடையில் மாட்டிவிட வேண்டும். ஈரம் பட்டதும் அது அலறும், பிள்ளை எழுந்துவிடும், நாளடைவில் தானாகவே விழிப்பு வரும் என்றார். வாங்கினோம். அது அலறினால் நான் எழுந்தேன், மனைவி செல்வி எழுந்தாள், பக்கத்து வீட்டு நாய் எழுந்தது. கயல் மட்டும் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நேரம் பார்த்து பன்விலையில் என் மச்சினனுக்குக் கல்யாணம் வந்தது. ஓரிரவு மாமனார் வீட்டில், கயலின் பெரியம்மா மகள்மாரோடு தங்க வேண்டும். கயல் வரமாட்டேன் என்று அழுதாள்.

“அக்காமாருக்கு தெரிஞ்சா எல்லாருகிட்டயும் சொல்லிச் சிரிப்பாங்கப்பா.”

“யாருக்கும் தெரியாம நான் பாத்துக்கிறேன். சத்தியம்” என்றேன்.

பையில் வைத்தால் பிள்ளைகள் கிளறுவார்கள் என்று அவள் பயந்ததால், அலாரத்தை என் பட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பற்றரியைக் கழற்றிவிடுங்கள் என்று செல்வி சொல்லியிருந்தாள். அதற்கு ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் தேட வேண்டும். மாப்பிள்ளை முறுக்கில் இருந்தவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றது என் கொழுந்தியாள் ரேவதி. மற்றவர்களுக்கெல்லாம் நாலு துளி. நான் முறைக்காரன் அல்லவா, மூடியைக் கழற்றிச் செம்போடு என் நெஞ்சில் கொட்டினாள். அடுத்த நொடி என் நெஞ்சு அலறத் தொடங்கியது.

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார். கிளிப்பைத் துடைத்தால்தான் சத்தம் நிற்கும். துடைக்க எடுத்த சால்வையும் பன்னீரில் ஊறியிருந்தது. ரேவதி அலாரத்தைப் பிடுங்கித் தன் சேலையில் துடைத்து நிறுத்தினாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதுதான் வினை.

“மச்சான், இது படுக்கையில ஒண்ணுக்கு போறவங்களுக்கு மாட்டுறதுல்ல? யாருக்கு?”

மண்டபமே காதைத் தீட்டிக்கொண்டது. அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்ற கயலின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“எனக்குத்தான்” என்றேன்.

மாமனார் மெல்லப் பக்கத்தில் வந்தார். “மாப்பிள்ள, கல்யாணத்துக்கு முந்தியே இருந்துச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். “இருந்துச்சுப்பா. ஒங்களுக்கு எதுக்கு வீண் கவலைன்னுதான் சொல்லல்ல.” (இத்தனை சரளமாகப் பொய் சொல்பவளோடா குடும்பம் நடத்துகிறேன் என்று அன்றுதான் பயந்தேன்.)

அன்றைக்கு என் படுக்கையில் மாமியார் ஒயில் கிளாத் விரித்து வைத்தார். அக்காமாரோடு படுக்க வேண்டிய கயல், “நான் அப்பாவுக்கு துணைக்கு படுக்கிறேன்” என்று வந்துவிட்டாள். என்ன பாசமான பிள்ளை என்று எல்லாரும் உருகினார்கள். காலையில் படுக்கை நனைந்திருந்தது. மாமியார் விரிப்பை அலசிக் கொடியில் போட்டார். முற்றத்தில் கயல் அக்காமாரோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, மானம் போனதில் எனக்கு வருத்தமே வரவில்லை. கொஞ்சம் வந்தது, பொய் சொல்வானேன்.

சில மாதங்களில் அலாரம் தன் வேலையைச் செய்துவிட்டது. கயலுக்குச் சுகம். குடும்பத்தைப் பொறுத்தவரை எனக்குத்தான் இன்னும் இல்லை. அண்மையில் தெல்தெனியவில் ஒரு விசேஷம். பந்தியில் எல்லாரும் இருக்க, “மச்சானுக்கு இப்ப எப்படி?” என்று ரேவதி கேட்டாள். கயல் இப்போது கம்பஸில் படிக்கிறாள். உண்மையைச் சொல்ல இனியென்ன வெட்கம் என்று ஆசையோடு அவளைப் பார்த்தேன்.

அவள் என் தோளில் பரிவோடு கைவைத்தாள்.

“இப்ப நல்லா கொறைஞ்சிருச்சு சித்தி. ராத்திரிக்கு மட்டும் அப்பாவுக்கு டீ குடுத்துறாதீங்க.”