முட்டி போட்ட இடத்தில் பசுக்கொல்லி

அன்புள்ள தங்கை அர்வெல்லாவுக்கு,

அண்ணன் வெண்டல் எழுதுவது. ஆர்கன்சாவில் என் இடது முட்டி நீங்கலாக யாவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

ஐடெல்லா டீச்சரைக் கல்யாணத்துக்குக் கேட்கப்போவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது இனி நடவாது என்பதைத் தெரிவிக்கவே இது. ஞாயிறன்று ஆராதனை முடிந்து, சர்ச்சுக்குப் பின்னால் எல்லோரும் பொரித்த கோழியில் மும்முரமாக இருக்க, நான் அவரை ஓக் மரத்தடிக்கு அழைத்துப்போய், மோதிரத்தைக் கையில் எடுத்து, எழுபத்தொரு வயதுக்கு உரிய நிதானத்தோடு மணலில் முட்டி போட்டேன். சரியாக ஒரு பசுக்கொல்லி மேல. அதான், செவப்பு வெல்வெட் போத்துன எறும்பு மாதிரி ஓடுமே, அப்பாகூட தொடாதேன்னு வெரட்டுவாரே, அதேதான். "ஐடெல்லா, நீங்க என்னை..."ன்னு ஆரம்பிச்சேன், மிச்சமெல்லாம் அலறல்தான். மோதிரம் எங்கயோ பறந்துபோச்சு, பாஸ்டர் கோழிக்காலும் கையுமா ஜெபம் பண்ண ஓடி வந்தாரு, இருநூறு பவுண்டு ஆள் முட்டியால அழுத்தியும் அந்தப் பூச்சி ஒண்ணும் ஆகாம எழுந்து நடக்குது. டீச்சர் டீ கிளாஸைக் கவுத்து அதைப் புடிச்சிட்டாங்க. உள்ள அது கீச்சுகீச்சுன்னு கத்துது.

"இது எறும்பில்ல வெண்டல், றெக்கையில்லாத குளவி. பொம்பளைக்குத்தான் கொடுக்கு. பாருங்க, கிட்டத்தட்ட உடம்பு நீளத்துக்கு இருக்கு, எவ்வளவு அழகு."

"ஆம்பளைக்கு?"

"றெக்கை இருக்கும். கொட்டத் தெரியாது, பாவம்."

என்னைக் குனிஞ்சுகூடப் பாக்கல அர்வெல்லா. பூச்சியத்தான் பாத்தாங்க. நான் நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டேன். மோதிரத்தை அப்புறம் பாஸ்டர் சம்சாரம் தேடிக் குடுத்தாங்க.

ஆகவே மிச்ச காலத்தைத் தனியாகவே கழிப்பதென்று தீர்மானித்துவிட்டேன். மனம் தெளிவாக இருக்கிறது. இதைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம். குழந்தைகளுக்கு என் ஆசிகள். கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உன் அண்ணன்,
வெண்டல்

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் டீச்சர் வந்தாங்க. சமையலறையில் நின்றபடியே, "அன்னைக்கு ஏதோ கேக்க வந்தீங்களே, பாதியில விட்டுட்டீங்க" என்றார். முட்டி மடங்கலைன்னு சொன்னேன். "வலது முட்டி நல்லாத்தானே இருக்கு?" என்றார். கல்யாணம் வருகிற சனிக்கிழமை. வந்து சேரவும்.