சுப்ரியாவுக்கு இரண்டு இடது பக்கம்

ஓசூர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் முனிவேல் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் மாதேஷ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், சௌமியா, மகள் சுப்ரியா மூவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் மாடு கன்றுகளும் சுகமென்றே நம்புகிறேன். பாரூர் ஏரிக் கால்வாயில் தண்ணீர் திறந்தார்களா, நாற்று நட்டாயிற்றா என்றெல்லாம் நான் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மரியாதை இத்தோடு முடிந்தது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒன்று சொன்னால் அது குடும்ப குரூப்புக்குப் போய்விடுகிறது. "மாப்ள இப்ப லேடீஸ் டெய்லர் ஆயிட்டாரு, ஜாக்கெட் தைக்கறவங்க வரிசையில வாங்க" என்று நீங்கள் பேசி அனுப்பியதற்கு மத்தூர் சித்தப்பாகூட சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார். அவருக்கு அந்தப் பொம்மை எங்கே இருக்கிறது என்றே இதுவரை தெரியாது. அதனால் காகிதம். இதையும் போட்டோ எடுத்துப் போடுவீர்கள் என்று தெரிந்துதான் மெல்லிய தாளில் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன். மை ஊறி ஒன்றும் புரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற முதல் தேதி சுப்ரியா பெங்களூரில் வேலைக்குச் சேர்கிறாள். தாய்மாமன் என்ற முறையில் புதுத்துணி எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. கிருஷ்ணகிரியில் மயில் கழுத்து நீலத்தில் சுடிதார் செட் எடுத்து வந்தீர்கள். பிள்ளை ஆசையாக உள்ளே போய்ப் போட்டாள், கை பாதியில் சிக்கிக்கொண்டது. சௌமியா போய்த்தான் உரித்து எடுத்தாள். நீங்கள் வெளியே காபியை ஆற்றிக்கொண்டே என்ன சொன்னீர்கள்? "துணியில ஒரு கொறயும் இல்ல. புள்ள கொஞ்சம் ஒடம்ப கொறச்சா நச்சுனு இருக்கும்." சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். அன்றிலிருந்து என் மகள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். சரி, வேறு துணி எடுப்போம் என்று இங்கே ஒரு கடைக்குக் கூட்டிப்போனால், அங்கிருந்த பெண், "இந்த சைஸ் லேடீஸ்ல வராதுங்க, ஜென்ட்ஸ்ல பாருங்க" என்றாள். வீட்டுக்கு வந்த சுப்ரியா செருப்பைக் கழற்றும்போதே, "நான் வேலைக்கே போலப்பா" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது மச்சான். அதை இன்னும் நல்ல வார்த்தையில் எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் சிப்காட் தொழிற்பேட்டையில் இத்தனை வருஷமாக ஒரே வேலைதான் பார்க்கிறேன். வருகிற பாகத்தை அளப்பேன், சரியென்றால் உள்ளே, இல்லையென்றால் திருப்பி அனுப்புவேன். துளைக்கு ஏற்றபடி தண்டைத்தான் கடைவோம். தண்டு நுழையவில்லை என்று எந்தக் கம்பெனியும் எஞ்சினைப் பட்டினி போட்டதில்லை. உடம்புக்குத்தான் துணி, துணிக்கு உடம்பு அல்ல. ஆகவே அன்றைக்கே முடிவு செய்தேன்: என் மகளுக்கு அவள் அளவில் ஒரு துணி, என் கையால், முதல் தேதிக்குள். "ஏங்க, டெய்லர்கிட்ட குடுக்கலாம்ல" என்றாள் சௌமியா. டெய்லர்கள் எல்லாரும் பள்ளிக்கூடச் சீருடையில் மூழ்கிக் கிடக்கிறார்கள். மேலும் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால், உங்களுக்குத் தெரியாததா.

சுப்ரியா போனில் ஒரு படம் காட்டினாள். ஷர்ட் டிரஸ் என்று பெயர். மேலே சட்டை மாதிரி காலர், பட்டன். இடுப்பில் ஒரு பெல்ட். கீழே விரிந்து முழங்காலைத் தாண்டி இறங்கும். பார்க்க மிடுக்காகவும் இருந்தது, பெண்பிள்ளைக்கு அழகாகவும் இருந்தது. இதற்கு வரைபடம் நெட்டில் கிடைக்கிறது. தாள் தாளாக எடுத்து ஒட்டினால் ஆள் உயரத்துக்கு வந்துவிடும். வரைபடம் பார்க்கிற வேலையில் இருப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரவீனாவிடம் கொடுத்தேன். தாளின் மூலையில் ஒரு கட்டம் இருந்தது, அதை அளந்து பார்த்துக்கொள் என்று போட்டிருந்தது. கம்பெனி வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன், போட்டிருந்த அளவைவிடச் சின்னதாக இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். மறுபடி எடுத்தாள், மறுபடி திருப்பினேன். "அண்ணா, ஊரே ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்குது, ஒருத்தராவது அளந்து பாக்கறாங்களா" என்று நொந்துகொண்டாள். கடைசியில் மெஷினே தாளுக்கு அடங்குகிற மாதிரி படத்தைச் சுருக்குகிறது என்று கண்டுபிடித்தோம். பாருங்கள், ஜெராக்ஸ் மெஷினுக்கும் உங்கள் புத்திதான்.

அப்புறம் நீங்கள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த தையல் மெஷினை இறக்கினேன். இத்தனை நாள் அது டி.வி.க்கு ஸ்டாண்டாக இருந்தது. பெல்ட் மாற்றினேன், எண்ணெய் விட்டேன், ஊசி மாற்றினேன். ஆகவே அது இனிமேல் எங்கள் வீட்டு மெஷின், அதை வைத்துச் சொந்தம் கொண்டாட வேண்டாம். துணியும் நானே எடுத்தேன், வெள்ளையில் பொடிப் பொடி நீலப் பூ. கடையில் கடைசித் துண்டு அது. கூடத்தில் விரித்து முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். தளி ஊர்க்காரரான எதிர்வீட்டு லட்சுமியம்மாள், நான் கோலம் போடுகிறேன் என்று நினைத்து, "ஏன் சார், வீட்ல பூஜையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இங்கேதான் மச்சான், ஒரு சின்ன விஷயம் நடந்தது. முன்பக்கத் துண்டில் 'இரண்டு வெட்டவும்' என்று போட்டிருந்தது. ஊரில் எல்லாரும் துணியை மடித்துப்போட்டு ஒரே வெட்டாக வெட்டுவார்களாம். மடித்தால் கீழ்த்துணி நகரும், நூலளவு வித்தியாசம் வரும், என் கைக்கு அது ஒத்துவராது. அதனால் துணியை ஒற்றையாக விரித்து, ஒட்டிய தாளை அச்சாக வைத்து ஒன்று வெட்டினேன். அதே அச்சை அப்படியே நகர்த்தி வைத்து இன்னொன்று வெட்டினேன். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இம்மி பிசகவில்லை. எங்கள் கம்பெனியில் இரண்டு என்றால் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அப்போதுதான் பாஸ். சாக்பீஸால் இரண்டிலும் ஓ.கே. போட்டு, சௌமியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டையும் தூக்கித் தன் மேல் வைத்துப் பார்த்தாள். "ஏங்க, ரெண்டும் எடது பக்கம். உங்க பொண்ணுக்கு வலது பக்கம் கெடையாதா?" என்றாள். ஒன்றைத் திருப்பிப் போட்டால் பூவெல்லாம் உள்பக்கம் போய்விடுகிறது. வாங்கிய துணி காலி. கடைக்கு ஓடினேன், அங்கேயும் காலி.

வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. வலது பக்கத்துக்கு வேறு இடத்தில் நல்ல காட்டன் கிடைத்தது, பூ இல்லாத முழு நீலம். எங்கே கிடைத்தது என்பது உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் நீலம், காலரும் பெல்ட்டும் அதே நீலம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் காலர் தைத்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பிரித்துத் தைத்ததில் அந்தக் காலர் என் பெயர் சொன்னாலே பயப்படும். பட்டனை என் சட்டையைப் பார்த்து வைத்தேன், பெண்பிள்ளைத் துணிக்கு அது எதிர்ப்பக்கமாம், அதையும் பிரித்தேன். விரலில் ஊசி ஏறாத இடம் பார்த்துத்தான் இந்தப் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

நேற்று போட்டுப் பார்த்தாள். விடுவேனா, சோதனை வைத்தேன். கையைத் தூக்கு, உட்கார், குனி, பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி நில்லு. எங்கும் இழுக்கவில்லை, எங்கும் திறக்கவில்லை. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றாள். "அப்பா, இது எனக்குன்னே இருக்குப்பா" என்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய், "அம்மா, தோசை ஊத்து" என்றாள். அவள் தட்டு காலியாகக் காலியாக சௌமியா ஊற்றிக்கொண்டே இருந்தாள், நான் எண்ணவில்லை.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், முதல் தேதி என் மகள் நான் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். உங்கள் வீட்டு நூல் ஒன்றுகூட அன்று அவள் மேல் ஏறாது. வழியனுப்ப நீங்கள் மெனக்கெட்டு வர வேண்டாம். உங்கள் சுடிதார் செட்டை அக்காவின் தங்கை மகளுக்குக் கொடுத்துவிடுங்கள், கொடுத்தனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. கரும்புக்கு நல்ல விலை கிடைக்கட்டும். உங்கள் மேல் உள்ள கோபம் கரும்பின் மேல் இல்லை.

இப்படிக்கு,
மாதேஷ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சுப்ரியா இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். உண்மையை எழுதாவிட்டால் அந்தத் துணியைத் தொடமாட்டேன் என்று எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிறேன். உங்கள் செட்டில் ஒரு பெரிய ஷால் இருந்ததே, அதுதான் வலது பக்கம். காலரும் பெல்ட்டும்கூட அதுதான். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவளே பீரோவிலிருந்து எடுத்து வந்து கத்திரிக்கோலை என் கையில் கொடுத்தாள். "மாமா வாய்தான்ப்பா அப்படி. இந்தக் கலருக்காக எத்தன கடை ஏறி எறங்கினாரோ" என்றாள். சுடிதாரைக் கொடுத்தனுப்பலாம், ஷால் வராது. இன்னொன்று. முதன்முதலாக வேலைக்குப் போட்டுப் போகிற துணியைத் தாய்மாமன்தான் ஓரத்தில் மஞ்சள் தொட்டு, தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டுமாம். நான் கொடுத்தால் வாங்கமாட்டாளாம். எனவே முதல் தேதிக்கு முந்தின நாளே அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து சேரவும். பூப்போட்டதில் ஒரு இடது பக்கம் மிச்சம் இருக்கிறது. அதை வைத்து உங்களுக்கு ஒரு சட்டை தைப்பதாக இருக்கிறேன், அளவு எடுக்க வேண்டும். அதற்காக ஒன்றும் குறைக்க வேண்டாம், இருக்கிற உடம்போடு வாங்க.