எதிரே வந்த முதலாளியம்மா

ஒரு காட்டில், வாரிசுச் சான்றிதழுக்குப் புலியே வரிசையில் நின்றாக வேண்டிய காட்டில், கருத்தப்பாண்டி என்றொரு கரடியார் கபடி அணி வைத்து நடத்திவந்தார். தேனெடுக்க மரமேறியவர் விழுந்து போய்ச் சேர்ந்தார், பாவம். அணி அவர் மனைவி பேச்சியம்மாவுக்கு வந்தது. இருபது வருஷமாக அந்த அணியின் பனியன்களைத் துவைத்துப் போட்டவள் அவள்தான். புருஷன் போன துக்கத்தில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே பிடிப்பு அணியில் ஆடிய அந்த ஏழு பிள்ளைகள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கொழுந்தன் மாசானம் ஒரு படிவத்தோடு வந்து நின்றான்.

"மதினி, முதலாளிதான் முன்னால நின்னு டீமை வழியனுப்பணும். தாலியறுத்தவ எதிர்க்க வந்தா போற காரியம் விளங்குமா? டீமை என் பேருக்கு மாத்தி ஒரு கைநாட்டு வச்சிருங்க."

"என் பிள்ளைங்களை நான் வழியனுப்பக் கூடாதா?"

"நானா சொல்லுதேன்? காடே சொல்லுது."

உண்மைதான். பயிற்சிக்குக் கிளம்பிய பஸ்ஸில் அவள் அணியின் முயலும் கீரியும்கூட அவளைக் கண்டதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டன. பேச்சியம்மா அழுது தீர்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்.

"நான் எதிர்க்க வந்தா எந்த பஸ்ஸுமே விளங்காதா, கொழுந்தனாரே?"

"எந்த பஸ்ஸும் விளங்காது."

"சரி. நாளைக்கு ஆட்டத்துல தோத்தா கைநாட்டு வைக்கேன்."

மறுநாள் காலையில், எதிர்த்து ஆட வேண்டிய ஓநாய் அணியின் பஸ் கிளம்பியபோது நடுரோட்டில் பேச்சியம்மா நின்றாள். இடுப்பில் வெறுங்குடம் வேறு! ஓநாய்கள் பதறி இறங்கின. சகுனம் தப்பினால் சற்று உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தானே புறப்பட வேண்டும்? குடித்தன. ஏறின. அதற்குள் அவள் குறுக்குப் பாதையில் ஓடி அடுத்த வளைவில் எதிரே வந்தாள். மறுபடி இறக்கம், மறுபடி ஒரு செம்பு. மைதானம் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது செம்பு!

வயிறு முட்டத் தண்ணீரோடு எவனால் மூச்சுப் பிடிக்க முடியும்? ஓநாய்கள் "கபடி" என்று இரண்டு தடவை சொல்வதற்குள் ஏப்பம் விட்டன. பேச்சியம்மாவின் பிள்ளைகள் முப்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். முயல் ஓடிவந்து அவள் மடியில் முகம் புதைத்துக்கொண்டது. அவள் ஒரு குட்டு வைத்துவிட்டு அணைத்துக்கொண்டாள்.

அந்த சீசன் முழுக்க இதே கதைதான். கோப்பை பேச்சியம்மாவுக்கே வந்தது.

மற்ற முதலாளிகள் அவசரக் கூட்டம் போட்டார்கள். சகுனம் பார்ப்பது வெட்கங்கெட்ட மூடநம்பிக்கை என்றும், கைம்பெண்களை ஒதுக்குவது பெரும் பாவம் என்றும் கண்கலங்கப் பேசித் தீர்மானம் போட்டார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டது ஒரே ஒருவன், மதினியின் சார்பில் வந்திருந்த மாசானம். அவன் அதற்குள் அவள் அணியில் மேனேஜர். வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடுவதுதான் வேலை.

நீதி: மூடநம்பிக்கையால் நஷ்டப்படுவது முதலாளிகளாக இருந்தால், பகுத்தறிவு ஒரே சீசனில் வந்துவிடும்.