காலா மீன் பிடிபடாததால் லீவு தாமதப்படுவது குறித்து மாமாவுக்கு

ஜுபைல் கேம்ப், சவுதி அரேபியா,
மார்கழி மாதம், 2003.

மரியாதைக்குரிய மாமா அழகுமலை அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் வருங்கால மருமகன் கார்மேகம் வணங்கி எழுதிக்கொண்டது. குலதெய்வத்தின் கிருபையால் இங்கு நான் இடது பாதம் நீங்கலாக நலம். அங்கு தாங்களும், அத்தையும், மச்சினனும், பெயர் சொல்லி விசாரிப்பது முறையாகாது என்பதால் வீட்டில் உள்ள மற்றவர்களும், பாதம் உட்பட முழு நலத்துடன் இருக்க வேண்டுகிறேன்.

போன வாரம் போனில் தாங்கள், "லீவு கெடச்சுச்சா இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க மாப்ளே" என்று கேட்டீர்கள். ஒற்றை வார்த்தையில் சொல்ல முயன்று "மீனு" என்றேன். தாங்கள் போனை வைத்துவிட்டீர்கள். "பய தண்ணியப் போட்டுட்டுப் பேசுறான்" என்று அத்தையிடம் சொன்னதாக மச்சினன் மூலம் அறிந்தேன். இந்த நாட்டில் அந்தத் தண்ணி கிடையாது மாமா. இருப்பது கடல் தண்ணீர் மட்டும்தான். என் கஷ்டம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

எங்கள் பிளாண்ட்டில் லீவுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரி டக்ளஸ் என்ற கனடாக்காரர். நல்ல மனிதர், ஆனால் மீன் பைத்தியம். அவர் ஊர்க் கடலோரத்தில் சால்மன் என்று ஒரு மீன் உண்டு. அது ஆற்றில் பிறந்து, கடலுக்குப் பிழைக்கப் போய், கல்யாண வயது வந்ததும் யாரிடமும் லீவு கேட்காமல் பிறந்த ஆற்றுக்கே திரும்பிவிடுமாம். என் லீவு பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னார். இந்த வருஷம் பிளாண்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை நடப்பதால் அவருக்கே கிறிஸ்துமஸுக்கு ஊர் போக வழியில்லை. தனக்கில்லாத லீவை அடுத்தவனுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை, அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பண்டிகைக்கு சால்மனாவது சாப்பிட வேண்டும் என்று ஏங்கியவரிடம், நம் காலா மீனுக்கு இங்கிலீஷில் இந்தியன் சால்மன் என்று பெயர், அது இந்தக் கடலிலும் உண்டு என்று எவனோ சொல்லிவிட்டான். உடனே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் பாஸ்போர்ட்டில் ராமநாதபுரம் ஜில்லா என்று இருக்கிறது. மேப்பில் ராமநாதபுரத்துக்குக் கிழக்கேயும் தெற்கேயும் நீலம். "யூ ஆர் எ சீமேன், கார்மேகம்!" என்றார். கமுதியில் குளிப்பதற்கே தண்ணி லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற கதையைச் சொல்ல இங்கிலீஷில் வார்த்தை தேடினேன். வார்த்தை கிடைப்பதற்குள் தலை ஆடிவிட்டது. காலாவைப் பிடி, கையெழுத்தை வாங்கிக்கொள் என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

பஜாரில் கடை வைத்திருக்கும் கீழக்கரை செய்கு முகம்மது அண்ணனிடம் ஓடினேன். "அண்ணே, காலா மீனை எப்படிண்ணே பிடிக்கிறது?" என்று கேட்டேன். "தம்பி, எங்க ஆளுக கப்பல்ல யாவாரம் பண்ணுனவுக. மீனை நாங்க சோத்துத் தட்டுலதான் பிடிப்போம்" என்றார். இருந்தாலும் நான் முகம் வாடி நிற்பதைப் பார்த்து, கடைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் விசாரித்து, காலா கலங்கல் தண்ணீரில் வரும், இறாலை இரையாகப் போட்டால் கடிக்கும் என்று அறிந்து சொன்னார். அந்த விவரத்தை நான் எங்கள் பரம்பரை ரகசியம் போல டக்ளஸிடம் சொன்னேன்.

முதல் வெள்ளிக்கிழமை கடற்கரைக்குப் போனோம். இங்கே வடக்கிலிருந்து ஷமால் என்று ஒரு காற்று வரும். அன்றைக்கு நாங்கள் வருவது அதற்குத் தெரிந்திருக்கிறது. தூண்டிலை முன்னால் வீசினால் முதுகுக்குப் பின்னால் போய் விழுந்தது. "காற்று எப்போது அடங்கும்?" என்று டக்ளஸ் கேட்டார். நான் கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தைப் பார்த்து, "ஆஃப்டர்நூன் சார்" என்றேன். மத்தியானத்துக்கு மேல் அது இரண்டு மடங்கானது. தண்ணீருக்குள் இறங்கி நின்று வீசச் சொன்னார், இறங்கினேன். காலடியில் நுங்கு மாதிரி வழவழவென்று ஏதோ மிதந்து வந்தது. கடலில் ஏது நுங்கு என்று யோசிக்காமல் காலால் தள்ளினேன். அது சொறி மீன். பாதம் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. நான் ஒற்றைக் காலில் குதிப்பதை, மீன் வருவதற்காக எங்கள் ஊரில் செய்யும் சடங்கு என்று நினைத்து டக்ளஸ் போட்டோ எடுத்துக்கொண்டார். கரைக்காவல் ஜீப்பில் வந்த அரபிக்காரர் வண்டியை நிறுத்தி, "ஷமால்! சமக் மாஃபி! யல்லா, ரூம்!" என்று கையை விரித்தார். காற்றடிக்கிறது, மீன் இல்லை, ரூமுக்குப் போ என்று அர்த்தம். அன்று அந்தக் கடற்கரையில் அறிவோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வெள்ளி காற்று அடங்கியிருந்தது, ஆனால் நீர்க்காகங்கள் வந்துவிட்டன. ஒன்றிரண்டு என்று நினைக்காதீர்கள் மாமா, எருதுகட்டுக்குக் கூட்டம் சேர்ந்த மாதிரி. எதிரே உள்ள தீவில் அவை குஞ்சு பொரிக்கும் காலமாம். வரிசை கட்டி வந்து, மீன் கூட்டத்தைக் கரைப் பக்கம் ஒதுக்கி, பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி வீட்டார் போல ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றன. டக்ளஸ் தொப்பியை வீசினார், இங்கிலீஷில் வைதார். காகத்தை விரட்டினால் முன்னோருக்கு ஆகாதே என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதற்குள் அவர் தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது. "சால்மன்! சால்மன்!" என்று துள்ளினார். சுற்றிச் சுற்றி இழுத்ததில் கரைக்கு வந்தது ஒரு கடல் பாம்பு. உடம்பெல்லாம் வரி, வால் துடுப்பு மாதிரி தட்டை. டக்ளஸ் கம்பைப் போட்டார். அந்த வயதில் அந்த உடம்போடு ஒரு மனிதர் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்ததில்லை. காருக்குள் ஏறிக் கதவையும் பூட்டிக்கொண்டார். கமுதியில் பிறந்தவனுக்கு மீன் தெரியாது, பாம்பு தெரியும். நூலை அறுத்து, ஒரு கழியால் பக்குவமாகத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டேன்.

அங்கேதான் மாமா தப்புப் பண்ணினேன். நானும் அலறிக்கொண்டு கூடவே ஓடியிருந்தால் அன்றைக்கே கையெழுத்து கிடைத்திருக்கும். அதிகாரி ஓடியதை நின்று பார்த்தவனுக்கு எந்தக் கம்பெனியில் லீவு கொடுப்பார்கள்? மறுநாள் டூட்டியில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

செய்கு முகம்மது அண்ணன்தான் வழி சொன்னார். "தம்பி, மார்க்கெட்டுல காலா கெடக்கு. ஒண்ணு வாங்கி அந்தாளு கொக்கியில மாட்டிவிடு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்லுவாகல்ல? இது ஒத்தப் பொய்தானே!" எனக்கும் நியாயமாகப் பட்டது. மீன்காரர் மலையாளி. கல்யாண விஷயம் என்று நான் வாய்விட்டுச் சொன்னதால், மனம் குளிர்ந்து, நான் கேட்காமலேயே செதில் சீவி, குடல் எடுத்து, பையில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் வெள்ளி நானே வலியப் போய்க் கூப்பிட்டதில் டக்ளஸ் வந்தார். கடற்கரையில் பையைப் பிரித்த பிறகுதான் மீனைப் பார்த்தேன். அவர் காப்பி எடுக்கக் காருக்குப் போயிருந்தார். வேறு வழியில்லை. வயிற்றுப் பக்கம் திருப்பிப் பார்க்க மாட்டார் என்று நம்பி, அவர் கொக்கியில் மாட்டி, தண்ணீரில் போட்டேன்.

திருப்பித்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கார்மேகம், உங்கள் ஊரில் மீன்கள் தாங்களே சுத்தம் செய்துகொண்டுதான் வருமா?" என்று கேட்டார். பழக்க தோஷத்தில் "யெஸ் சார்" என்றேன். மனிதர் மணலில் உட்கார்ந்து சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பண்டிகைக்கு மகளோடு இல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை என்றார். எனக்கு "யெஸ் சார்" தவிர இங்கிலீஷ் வரவில்லை, அதனால் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அதிகாரி தோளைத் தட்டலாமா என்ற யோசனை தட்டிய பிறகுதான் வந்தது. அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கிளம்பும்போது, "உயிரோடு ஒரு மீன், அப்புறம் லீவு" என்றார்.

நடந்தது இவ்வளவுதான் மாமா. இதில் என் பிழை எது என்று தாங்களே சொல்லுங்கள். முதுகுளத்தூர் கரண்ட் ஆபீஸ்காரர் ஒருவரைப் பற்றித் தாங்கள் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு லீவு நிறைய இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்காகப் பாம்பையும் பறவையையும் பார்த்து நின்றிருப்பாரா? கையெழுத்து விழுந்தாலும் விழாவிட்டாலும், தை கடைசி முகூர்த்தத்துக்கு மணவறையில் வந்து உட்காருவேன். இது என் அம்மா மேல் சத்தியம். இந்தக் கடலை இனி இந்த ஜென்மத்தில் எட்டிப் பார்க்க மாட்டேன். கல்யாணத்துக்குப் பின் என் வீட்டு அடுப்பில் மீன் குழம்பு ஏறாது என்பதையும் உரியவரிடம் சொல்லிவைக்கவும்.

அத்தைக்கு என் கும்பிடு. மச்சினன் பரீட்சையை நல்லபடியாக எழுத வாழ்த்துகள். அய்யனார் அருளால் தங்கள் கம்மாய் நிறையட்டும், நெல் விளையட்டும், என் மேல் தங்களுக்குள்ள கோபம் தணியட்டும்.

தங்கள் சொல் தட்டாத
கார்மேகம்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை, கடைசியாக, என்று டக்ளஸ் கூப்பிட்டார், போனேன். மாமா, என் கையால், உயிரோடு, முழங்கை நீளத்துக்கு மேல் ஒரு காலா! வாய்க்குக் கீழே நூல் நூலாகத் தாடி, வெள்ளி மாதிரி உடம்பு. அது இழுத்த இழுப்பு இன்னும் தோளில் இருக்கிறது. டக்ளஸ் அங்கேயே கார் பானெட்டில் வைத்து லீவு பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தாங்கள் குறித்த தேதிதான், ஒரு தடையும் இல்லை. ஆனால் விஷயம் என்னவென்றால், தை முழுக்கத்தான் காலா கரைக்கு வருமாம், மாசி பிறந்தால் போய்விடுமாம். ஆகவே முகூர்த்தத்தைப் பங்குனிக்குத் தள்ளிவைக்க முடியுமா? பத்திரிகை அடித்தாகிவிட்டது என்றால் தேதியை மட்டும் பேனாவால் திருத்திக்கொள்ளலாம். ஜோதிமணியிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும். எனக்குப் பயமாக இருக்கிறது.