நாவுல வயலில் ஒரு பெண் பன்டிங்

மனிதரில் ‘அப்படி இல்லீங்க’ என்றோர் இனம் உண்டு. நீங்கள் மழை என்றால் அவர் தூறல் என்பார். கல்யாண வீட்டில் சம்பாச் சோறு அருமை என்று நீங்கள் ஒரு வாய் வைத்தால், அது கீரி சம்பா என்று திருத்திவிட்டுத்தான் தன் சோற்றில் கைவைப்பார். மையித்து கிடக்கும் சாவு வீட்டில் ‘எழுபத்திரண்டு வயசு’ என்று யாராவது பெருமூச்சு விட்டால், ‘எழுபத்தொன்னே முடியல்ல’ என்று ஆறுதல் சொல்வார். கெட்டவரா? இல்லவே இல்லை. உலகம் தப்புத் தப்பாகப் பேசுகிறது, அவருக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

மாத்தளை நகரில் கராம்பும் மிளகும் விற்கும் மஹ்ரூப் இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்டவர். ஞாயிறுகளில் பறவை பார்க்கப் போவார். கூட்டாளி, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் இந்திரகுமார். பதினோரு வருடமாக ஒரே பஸ் சீட், ஒரே பிளாஸ்க் தேநீர். மஹ்ரூபுக்கு இந்திரகுமார் ‘சேர்’; இந்திரகுமாருக்கு மஹ்ரூப் ‘நானா’, அதாவது அண்ணன்.

போன பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நாவுல ஊரின் வயலோரக் கம்பியில் இருந்த மண்நிறக் குருவி ஒன்றை இந்திரகுமார் படமெடுத்துப் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார்: ‘கருந்தலை பன்டிங், பெண். வழிதவறி வந்திருக்கிறது.’ குழுவின் பட்டியலில் பன்டிங் என்ற பெயரே அதுவரை இல்லை. ஏறினால் இந்திரகுமாரின் பெயரோடு ஏறும்.

நாலாவது நிமிடம் மஹ்ரூபின் பதில் வந்தது: ‘அப்பிடி இல்ல சேர். செந்தலை.’

ஆண் பறவைகள் என்றால் சண்டைக்கே இடமில்லை. ஒன்றுக்குத் தலை கறுப்பு, மற்றதற்குச் செம்பழுப்பு. பெண்களோ இரண்டும் ஒரே புழுதி நிறம்; சொண்டை, அதாவது அலகை, உற்றுப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இதைவிட வேறென்ன வேண்டும்? மறுநாள் காலை இருவரும் நாவுல வரப்பில் நின்றார்கள். குருவியும் நல்லபடியாக வந்து கம்பியில் உட்கார்ந்தது.

“சொண்டப் பாருங்க சேர். கட்டை. செந்தலைதான்.”

“சொண்டு நீளம்தாங்க நானா. உங்க பைனாகுலர்தான் கட்டை.”

அப்போது குருவி திரும்பி முதுகைக் காட்டியது. வாலுக்கு மேலே நனைந்த செங்கல் நிறம். மஹ்ரூப் தெளிவாகக் கண்டார். கருந்தலை. செந்தலைக்கு அந்த நிறம் கிடையாது. ‘நீங்க சொன்னதுதான் சரி’ என்று சொன்னால் போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வரும்போது, “வெளிச்சம் சரியில்ல சேர்” என்று வந்தது.

இந்திரகுமார் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பிளாஸ்க்கை மூடினார். பஸ்ஸில் முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தார். மாத்தளை வருமுன்பே குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்.

அடுத்த மூன்று ஞாயிறும் மஹ்ரூப் தனியாகப் போனார். பறவையைக் கண்டார், பெயரைச் சொன்னார், பெயர் சரியாகவே இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தானே ஒரு பெயர் சொல்லித் தானே மறுத்தும் பார்த்தார். ருசிக்கவில்லை. வீட்டில் சும்மா சும்மா ஃபோனை எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி கைறுன்னிஸா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். “ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்களேன். நாக்கு தேஞ்சா போகும்?”

“அப்பிடி இல்ல புள்ள...” என்று தொடங்கியவர், அவள் பார்த்த பார்வையில் எண்ணை அழுத்திவிட்டார்.

“சேர், மஹ்ரூப் பேசுறேன். அது ஒங்க பறவதான். கருந்தலை. அன்னைக்கே கண்டுட்டேன். சொல்ல வாய் வரல்ல.”

சொல்லி முடிப்பதற்குள் மஹ்ரூபின் கண் கலங்கிவிட்டது.

“அப்படி இல்லீங்க நானா,” என்றது இந்திரகுமாரின் குரல். “படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். சொண்டு கட்டைதாங்க. செந்தலை.”

“என்ன சேர் பேசுறீங்க! வாலுக்கு மேல செங்கல் நெறம், ஏன்ட கண்ணால கண்டேன்!”

“வெளிச்சம் சரியில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அந்த ஞாயிறே இருவரும் நாவுலவுக்குப் போனார்கள். குருவி போய்விட்டிருந்தது. அது எந்தக் கம்பியில் இருந்தது என்று மத்தியானம்வரை சண்டை பிடித்துவிட்டு, மிகுந்த திருப்தியோடு ஒரே சீட்டில் திரும்பி வந்தார்கள்.

நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் இதைப் படித்துவரும்போது எங்கேயோ ஓரிடத்தில் உங்கள் புருவம் லேசாக ஏறி இறங்கியதே, ‘இது கொஞ்சம் தப்பாச்சே’ என்று? அதை யாரிடமும் சொல்லாமல் இருந்து பாருங்கள். ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிய காரியம்.